'அழகுக்காக' என்று எழுதிய உருண்டை

அன்புள்ள ஐயா,

கிறிஸ்துமஸ் அலங்காரங்களுக்கு அர்த்தம் சொல்லும் பட்டியல் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. பச்சை என்றால் நித்திய வாழ்வு, சிவப்பு என்றால் இயேசுவின் இரத்தம், வளைந்த மிட்டாய் இயேசுவின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தான 'ஜே' என்று நீளமாகப் போகிறது. மரத்தில் தொங்கும் உருண்டைகளுக்கு மட்டும் 'அழகுக்காக' என்று போட்டிருக்கிறார்கள். இவையெல்லாம் ஆரம்பத்திலிருந்தே இருந்த அர்த்தங்கள்தானா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வேடிக்கையைப் பாருங்கள். பட்டியல் எழுதியவர் 'அழகுக்காக' என்று தள்ளிவிட்ட அந்த உருண்டைக்குத்தான் நிஜமாகவே பழைய கதை இருக்கிறது.

டிசம்பர் 24 ஐரோப்பாவில் வெகுகாலம் ஆதாம் ஏவாள் நாளாக இருந்தது. அதையொட்டி ஏதேன் தோட்ட நாடகம் போடுவார்கள். நாடகத்துக்குக் கனியோடு ஒரு மரம் வேண்டும். நடுக்குளிரில் ஆப்பிள் மரம் மொட்டையாக நிற்குமே! அதனால் இலை உதிராத ஃபிர் மரத்தில் ஆப்பிள்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். 'சொர்க்க மரம்' என்று அதற்குப் பெயர். நாடகங்கள் மறைந்தன, மரம் வீட்டுக்குள் வந்துவிட்டது. 1605ஆம் ஆண்டு ஸ்டிராஸ்பர்க் நகரைப் பற்றிய ஒரு குறிப்பு, கூடத்தில் நிறுத்திய ஃபிர் மரங்களில் காகித ரோஜா, ஆப்பிள், மெல்லிய அப்பம், இனிப்பு எல்லாம் தொங்கியதாகச் சொல்கிறது. அந்த அப்பம் நற்கருணையை, அதாவது இயேசுவின் உடலாகக் கருதித் தேவாலயத்தில் உண்ணும் அப்பத்தை, நினைவூட்டுவது. விலக்கப்பட்ட கனியும் அதற்கு மாற்றான அப்பமும் ஒரே கிளையில்! எந்த இறையியலாளரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது என்று தோன்றுகிறது.

அப்புறம் ஆப்பிள் கண்ணாடியானது. ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் லவுஷா என்று ஒரு சிற்றூர். 1597 முதல் கண்ணாடித் தொழில்தான் அங்கே பிழைப்பு. 19ஆம் நூற்றாண்டில் அங்குள்ள தொழிலாளர்கள் பழம், கொட்டை வடிவங்களைக் கண்ணாடியில் ஊதி, உட்புறம் வெள்ளிப் பூச்சு கொடுத்து விற்றார்கள். ஆப்பிள் வாங்கக் காசில்லாத ஓர் ஏழைத் தொழிலாளி தன் வீட்டு மரத்துக்காகச் செய்ததே முதல் உருண்டை என்று ஊரில் ஒரு கதை உண்டு. நம்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். 1880களில் அமெரிக்க வணிகர் உல்வொர்த் இவற்றை இறக்குமதி செய்து தன் மலிவு விலைக் கடைகளில் விற்றார்.

வளைந்த மிட்டாய் 'ஜே' என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. இன்னும் ஒன்று சொல்கிறேன். மரத்துக்குள் ஊறுகாய் வெள்ளரிக்காய் வடிவக் கண்ணாடிப் பொம்மை ஒன்றை ஒளித்து வைப்பார்கள், முதலில் கண்டுபிடிக்கும் குழந்தைக்குக் கூடுதல் பரிசு. அமெரிக்காவில் இதைப் பழைய ஜெர்மானிய வழக்கம் என்கிறார்கள். ஜெர்மானியர்களைக் கேட்டால் பெரும்பாலானோர் விழிக்கிறார்கள்! விற்காத சரக்குக்கு எவரோ கட்டிவிட்ட கதை என்பது என் சந்தேகம்.

பச்சைக் கிளை விஷயம் வேறு. குளிர்காலத்தில் வாசலில் பச்சை செருகுவது கிறிஸ்தவத்துக்கு முன்பே ரோமில் இருந்தது. நித்திய வாழ்வு என்ற பொருள் பிறகு வந்து சேர்ந்தது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பொருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, பட்டியலை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புங்கள். 'அழகுக்காக' என்பதை அடித்துவிட்டு 'ஆப்பிள்' என்று எழுதி.