ஃப்ளோரிடாவில் விண்ட்ஷீல்ட் மாற்றுவது இலவசம்தானா?

டாம்பாவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டியிலிருந்து போன வருடம் இங்கே குடிவந்தோம். ஐ-4 நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் போகும்போது கல் தெறித்து, முன்கண்ணாடியான விண்ட்ஷீல்டில் நீளமாக விரிசல் விட்டுவிட்டது. கார் வாஷில் ஒருவர் வந்து, 'ஃப்ளோரிடா சட்டப்படி உங்களுக்கு ஒரு டாலர்கூடச் செலவு கிடையாது. இந்த டேப்லெட்டில் கையெழுத்துப் போட்டால் 100 டாலர் கிஃப்ட் கார்டும் தருகிறேன்' என்றார். என் பாலிசியிலோ 500 டாலர் டிடக்டிபிள், அதாவது முதலில் நானே கொடுக்க வேண்டிய தொகை, என்று போட்டிருக்கிறது. எதை நம்புவது? சில மாதங்களுக்கு முன்பு பின்கதவுக் கண்ணாடி உடைந்தபோது கைக்காசு போட்டுத்தான் மாற்றினேன். அதையும் கேட்டு வாங்க முடியுமா?"

முதலில், அந்த டேப்லெட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. ஃப்ளோரிடா சட்டத்தொகுப்பின் 627.7288-ம் பிரிவு சின்னஞ்சிறியது. பாலிசியில் காம்ப்ரிஹென்சிவ் (திருட்டு, ஆலங்கட்டி, கல் தெறிப்பு போன்ற, மோதல் அல்லாத சேதத்துக்கான பாதுகாப்பு) இருந்தால், விண்ட்ஷீல்ட் சேதத்துக்கு டிடக்டிபிளைப் பிடிக்கக் கூடாது என்கிறது. உங்கள் பாலிசியில் உள்ள 500 டாலர், கார் திருடு போனாலோ ஆலங்கட்டி மழையில் அடிபட்டாலோ பொருந்தும். விண்ட்ஷீல்டுக்குப் பொருந்தாது.

ஆனால் இந்தச் சட்டம் யாருக்கும் புதிதாக இன்சூரன்ஸ் கொடுப்பதில்லை. ஏற்கெனவே காம்ப்ரிஹென்சிவ் எடுத்தவருக்கு டிடக்டிபிளை நீக்குகிறது, அவ்வளவுதான். ஃப்ளோரிடாவில் காரைப் பதிவு செய்யக் கட்டாயமாகக் கேட்பது 10,000 டாலர் பிஐபி (தவறு யாருடையதானாலும் உங்கள் காயச் செலவுக்கான பாதுகாப்பு), பிறர் சொத்துக்கு நீங்கள் விளைவிக்கும் சேதத்துக்கு 10,000 டாலர் பாதுகாப்பு ஆகிய இரண்டைத்தான். பழைய கார்தானே என்று அந்த இரண்டை மட்டும் எடுத்தவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர். அவர்கள் கண்ணாடிச் செலவை முழுதாகத் தாங்களேதான் ஏற்க வேண்டும். கொலிஷன் (மோதலில் உங்கள் காருக்கு வரும் சேதத்துக்கான பாதுகாப்பு) மட்டும் இருந்தாலும் இந்தப் பிரிவு உதவாது.

உங்கள் விஷயத்தில் எனக்கு இன்னொரு கவலை. அந்தப் பிரிவு, ஃப்ளோரிடாவில் வழங்கப்பட்ட பாலிசிகளுக்குத்தான். வீடு மாறிய அலைச்சலில் ஒஹையோ பாலிசியையே ஓட்டிக்கொண்டிருந்தால், 500 டாலர் உங்கள் தலையில்தான் விழும். பாலிசியின் முதல் பக்கத்தில், அதாவது டெக்லரேஷன் பேஜில், எந்த மாநில முகவரி இருக்கிறது, காம்ப்ரிஹென்சிவுக்கு நேராகத் தொகை போட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பழைய முகவரி என்றால் கண்ணாடியை விடுங்கள், பாலிசியை மாற்றுவதுதான் அவசரம். பெரிய விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியவந்தால் சிக்கல் இதைவிடப் பல மடங்கு.

பின்கதவுக் கண்ணாடிக்கு வருவோம். ஃப்ளோரிடா சட்டத்தில் இருக்கும் சொல் விண்ட்ஷீல்ட், அதாவது முன்கண்ணாடி மட்டும். கதவுக் கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் வழக்கமான டிடக்டிபிள் உண்டு. கதவுக் கண்ணாடி மாற்றும் செலவு பெரும்பாலும் 500-ஐத் தாண்டாது என்பதால், கிளைம் போட்டாலும் உங்களுக்கு எதுவும் வந்திருக்காது. நீங்கள் முன்பு இருந்த ஊரிலிருந்து ஆற்றைத் தாண்டினால் கென்டக்கி. அங்கே நிலைமை வேறு: காம்ப்ரிஹென்சிவ் இருந்தால் கதவு, ஜன்னல் கண்ணாடிகளோடு விளக்குகளின் கண்ணாடிக்கும்கூட டிடக்டிபிள் இல்லை. தென் கரோலினாவிலும் டிடக்டிபிள் கிடையாது. அரிசோனாவில் கம்பெனி அப்படியொரு வசதியை விற்க முன்வர வேண்டும், வேண்டுமா என்று தீர்மானிப்பது நீங்கள். நண்பர் சொன்னார் என்று மாநிலம் விட்டு மாநிலம் இதைப் பொருத்திப் பார்க்கவே கூடாது.

சரி, கார் வாஷ் மனிதர். அந்த டேப்லெட்டில் வழக்கமாக இருந்தது, இன்சூரன்ஸ் பணத்தைப் பெறும் உங்கள் உரிமையைக் கடைக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம். கடை தன் விருப்பத்துக்குப் பில் போடும். கம்பெனி குறைத்துக் கொடுத்தால், மீதிக்காக வழக்குப் போடும். இப்படி ஃப்ளோரிடா நீதிமன்றங்களில் ஆயிரக்கணக்கில் வழக்குகள் குவிந்தன. வழக்கின் தலைப்பில் கடையின் பெயருக்குப் பக்கத்தில், உரிமையை எழுதிக் கொடுத்த வாடிக்கையாளரின் பெயரும் இருக்கும். ஒரு நிமிடம் விரலால் கிறுக்கியதற்கு, நீதிமன்றப் பதிவில் தன் பெயரைப் பார்த்துப் பதறியவர்கள் உண்டு. அந்தச் செலவெல்லாம் கடைசியில் எல்லோருடைய பிரீமியத்திலும்தான் வந்து விடிகிறது.

2023 மே மாதம் சட்டமாகி வந்த மாற்றம் இதற்கு முடிவு கட்டியது. அதற்குப் பிறகு வழங்கப்பட்ட பாலிசிகளில் கண்ணாடி வேலைக்காக அப்படி உரிமை எழுதி வாங்க முடியாது. கண்ணாடி கிளைம் போட வைப்பதற்காகக் கிஃப்ட் கார்டு, ரொக்கம், கூப்பன் தருவதும் தடை. ஆகவே உங்களிடம் 100 டாலர் நீட்டியவர் அந்த நொடியிலேயே சட்டத்தை மீறிவிட்டார். சட்டத்தை மதிக்காதவர் கண்ணாடியை ஒட்டும் பசையை மட்டும் ஒழுங்காகப் பூசுவார் என்று நான் நம்ப மாட்டேன்.

பசை என்று சும்மா சொல்லவில்லை. விண்ட்ஷீல்ட் வெறும் காற்றுத் தடுப்பு இல்லை. பல கார்களில் பயணி பக்க ஏர்பேக் விரியும்போது முட்டுக் கொடுப்பது அந்தக் கண்ணாடிதான். கார் கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அதனால் பசை இறுகும்வரை வண்டியை எடுக்கக் கூடாது. எத்தனை மணி நேரம் என்று கடையில் கேட்டு எழுதி வாங்குங்கள். பசையையும் வானிலையையும் பொறுத்து அது மாறும்.

உங்கள் காரில் லேன் மாறினால் எச்சரிப்பது, தானாகப் பிரேக் போடுவது போன்ற வசதிகள் இருந்தால், அதற்கான கேமரா பெரும்பாலும் பின்னால் வருவதைப் பார்க்கும் உள்கண்ணாடிக்குப் பின்னால், விண்ட்ஷீல்டை ஒட்டி இருக்கும். கண்ணாடியை மாற்றினால் அந்தக் கேமராவை மறுபடி காலிபரேட் செய்ய, அதாவது அதன் பார்வையைச் சரியாக அமைக்க, வேண்டியிருக்கும். கேமராவின் பார்வை கொஞ்சம் விலகினாலும், தூரம் போகப்போக அந்தப் பிழை பெரிதாகும். அதே 2023 சட்டம், காலிபரேஷன் தேவையா, கடையே அதைச் செய்யுமா என்பதை வாடிக்கையாளருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும் என்கிறது. அந்தத் தாளைக் கேளுங்கள். வேலை முடிந்ததும் காலிபரேஷன் அறிக்கையையும் வாங்கிப் பாலிசியோடு வையுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. விரிசலைப் படம் எடுங்கள். கார் வாஷ்காரருக்கு அல்ல, உங்கள் கம்பெனிக்கு நீங்களே போன் செய்து கிளைம் போடுங்கள். கல் தெறித்ததில் உங்கள் தவறு இல்லை. ஒரு கண்ணாடிக் கிளைமுக்காகப் பிரீமியம் ஏறுவது அரிது, அடிக்கடி போட்டால் சில கம்பெனிகள் கணக்கில் எடுக்கும். அதுவரை வெயிலில் கொதித்த கண்ணாடி மேல் ஏசியை முழு வேகத்தில் திருப்பாதீர்கள், விரிசல் இன்னும் ஓடும்.

லாரிக்காரரிடம் கேட்கலாமா என்ற எண்ணமும் வந்திருக்கும். பாரத்திலிருந்து கல் விழுந்திருந்தால் பொறுப்பு அவருடையது. சிந்தாமல் மூடிக்கட்டிப் போக வேண்டும் என்பது சட்டம், 'கண்ணாடி உடைந்தால் நாங்கள் பொறுப்பல்ல' என்று பின்னால் எழுதி வைத்தாலும் அந்தக் கடமை போகாது. சாலையில் கிடந்த கல்லை டயர் தெறிக்கவிட்டிருந்தால் அவரைப் பிடிப்பது கடினம். எதுவானாலும் டேஷ்கேம் (காருக்குள் வைக்கும் கேமரா) பதிவு இல்லாமல் நிரூபிப்பது கடினம். உங்களிடம் அது இல்லையென்றால், உங்கள் காம்ப்ரிஹென்சிவிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.