அந்தப் பதினைந்து நிமிடங்கள்

கேள்வி: நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, 80 படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். வயது 26, மாதச் சம்பளம் 13,500 ரூபாய். சென்ற மாதம் ஒரு நைட் டியூட்டியில், ஆண்கள் வார்டில் இருந்த 18 நோயாளிகளுக்கும் நான் ஒருத்திதான். இரவு இரண்டு மணிக்கு ஒருவருக்கு ரத்தம் ஏற்றத் தொடங்கியிருந்தேன். அப்போது ஒன்பதாம் எண் படுக்கையில் இருந்த கல்லீரல் நோயாளி தண்ணீர் வேண்டுமென்று இருமுறை கூப்பிட்டார். "இதோ வந்துவிட்டேன், ஐயா" என்றேன். நான் போவதற்குள் அவர் உறங்கிவிட்டார். நான்கு மணிக்கு ரத்த வாந்தி எடுத்தார். டாக்டர் ஓடிவந்தும் காப்பாற்ற முடியவில்லை. பத்து நாள் கழித்து அவருடைய மனைவி என்னைத் தேடி வார்டுக்கு வந்தார். நான் மருந்து அறைக்குள் ஒளிந்துகொண்டேன். காப்பீட்டுத் தாள்களுக்காக அவர் மீண்டும் வருவாராம். நைட் டியூட்டி பார்க்கும் பெண் வேண்டாமென்று ஒரு வரன் தட்டிப் போயிருக்கிறது. வங்கித் தேர்வுக்குப் படி என்கிறார் அம்மா. நான் இந்தப் பணிக்குத் தகுதியில்லாதவளா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை மாவட்டம்

பதில்: அன்பு மகளுக்கு, அரசு மருத்துவமனைகளில் 33 ஆண்டுகள் பணியாற்றி, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சம்பளம், திருமணம், வங்கித் தேர்வு என்று பலவற்றை எழுதியிருந்தாலும், உங்களை உறங்கவிடாமல் செய்வது அந்த ஒரு குவளைத் தண்ணீர்தான் என்று தோன்றுகிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ரத்தம் ஏற்றத் தொடங்கிய முதல் 15 நிமிடங்கள் செவிலியர் நோயாளியின் அருகிலேயே இருக்க வேண்டும் என்று நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். வகை மாறிய ரத்தம் என்றால் சில மில்லிலிட்டர் உள்ளே போனவுடனேயே குளிர் நடுக்கம், இடுப்பு வலி, மூச்சுத் திணறல் என்று தொடங்கிவிடும். அந்தக் கணத்தில் குழாயை அடைக்க ஒரு கை அங்கே இல்லாவிட்டால் உயிரே போய்விடக்கூடும். நீங்கள் அந்தப் படுக்கையை விட்டு நகராமல் நின்றது அலட்சியத்தால் அன்று; செய்ய வேண்டியதைத்தான் செய்தீர்கள். கல்லீரல் சுருங்கிய நோயாளிகளுக்கு உணவுக்குழாயில் ரத்த நாளங்கள் புடைத்திருக்கும் என்பதும், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அவை வெடிக்கக்கூடும் என்பதும் உங்களுக்குத் தெரியும். இரண்டு மணிக்குத் தண்ணீர் கொடுத்திருந்தாலும் நான்கு மணிக்கு அந்த நாளம் வெடித்திருக்கும். அவருடைய மரணத்தை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

ஆனால் அவருடைய தாகம் உண்மையானது. ஒரு மனிதர் தண்ணீர் கேட்டார், கிடைக்கவில்லை, தூங்கிப்போனார்; அது உங்களை உறுத்துவது சரியே. அந்த உறுத்தல் இல்லாத செவிலியர்களோடும் நான் வேலை பார்த்திருக்கிறேன், அவர்களிடம் என் தாயை ஒப்படைக்க எனக்கு மனம் வராது. மரணத்தையும் தாகத்தையும் ஒன்றாகக் கட்டிச் சுமக்காமல், தாகத்தை மட்டும் தனியே எடுத்து வைத்துப் பாருங்கள். அதற்குச் செய்யக்கூடியது உண்டு. ரத்தப் பையைத் தொங்கவிடும் முன் வார்டை ஒரு சுற்றுச் சுற்றி, யாருக்குத் தண்ணீர் வேண்டும், யார் சிறுநீர் கழிக்க வேண்டும், யாருடைய ட்ரிப்ஸ் தீரப்போகிறது என்று பார்த்துவிடுங்கள். "அடுத்த கால் மணி நேரம் அந்தப் படுக்கையில்தான் இருப்பேன்" என்று சொல்லிவிடுங்கள். தண்ணீரை அளந்து கொடுக்க வேண்டிய நோயாளி என்றால், இரவுக்குரிய அளவை அளந்து கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிடுங்கள். இவ்வளவும் செய்தபின்னும் 18 பேருக்கு ஒருத்தியால் ஈடுகொடுக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பொது மருத்துவமனையின் சாதாரண வார்டில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருக்கும் அளவு. அன்றிரவு உங்கள் வார்டில் இருந்திருக்க வேண்டிய மற்றவர்கள் இல்லை. தண்ணீர் கொடுக்க ஆள் இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம்.

1989-இல், பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இரவு ஒரு மணி இருக்கும், ஊசி மருந்துப் பொடியைக் கரைப்பதற்கு வாலைநீர் (காய்ச்சி வடித்த நீர்) ஆம்பூலை, அதாவது சிறு மருந்துக் குப்பியை எடுத்து, கழுத்தை உடைத்து, சிரிஞ்சில் உறிஞ்சிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற மூத்த சிஸ்டர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் எடுத்தது வாலைநீர் அன்று, பொட்டாசியம் குளோரைடு. அதைக் கலக்காமல் நேரடியாக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். இரண்டு ஆம்பூல்களும் ஒரே அளவு, ஒரே நிறமற்ற திரவம், ஒரே தட்டில் அடுத்தடுத்து இருந்தன. அவர் என்னைத் திட்டவில்லை. விடிவதற்குள் பொட்டாசியம் ஆம்பூல்கள் அனைத்தையும் எடுத்து வேறோர் அலமாரியில் வைத்து, பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். நான் மூன்று நாள் அழுதேன். ஆனால் அந்த வார்டில் அடுத்த பெண்ணுக்கு அந்தத் தவறு நேராமல் தடுத்தது என் அழுகை அன்று, அந்தப் பூட்டுதான்.

எனவே நீங்களும் எழுதுங்கள். எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர், எந்த நேரத்தில் எதைச் செய்ய முடியாமல் போயிற்று என்பதை ஒவ்வொரு டியூட்டி முடிவிலும் இரவு மேற்பார்வையாளருக்கு எழுத்தில் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்ன குறை டியூட்டி ஒப்படைத்ததோடு மறைந்துவிடும். உடன் பணிபுரிகிறவர்களும் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது.

சம்பளத்தைப் பற்றி: 13,500 ரூபாய் உங்கள் படிப்புக்கும் பொறுப்புக்கும் நியாயமானதன்று. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் இட்ட உத்தரவின்படி அமைந்த நிபுணர் குழு, 50-க்கும் குறைவான படுக்கைகள் உள்ள தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 50 முதல் 100 படுக்கைகள் வரை உள்ளவற்றில் மாநில அரசுச் செவிலியரின் சம்பளத்தைவிட 25 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. கேரளத்தில் செவிலியர்கள் சங்கமாகத் திரண்டு போராடியதன் பயனாக 2018-இல் 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதியமாக அறிவிக்கப்பட்டது. தானாக வந்த உயர்வு எதையும் என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. அரசுப் பணி என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். தமிழ்நாடு அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக 2015-இல் வந்த பிள்ளைகள் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் அமர்ந்து போராட வேண்டியிருந்தது. ஆனாலும் அந்தத் தேர்வுக்கு நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதே என் கருத்து. வங்கித் தேர்வுக்குப் படிக்கும் உழைப்பில் பாதியை இதற்குச் செலவிட்டாலே போதும், நான்கு ஆண்டுப் படிப்பு உங்களோடு நிற்கும்.

உடலைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, எழுதாததாலேயே கேட்கிறேன். டியூட்டியில் தண்ணீர் குடிக்கிறீர்களா? கழிவறைக்குப் போக நேரமில்லை என்று குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்றோடு அலைந்த பெண்கள் எத்தனையோ பேர். நின்று நின்று என் கால் நரம்புகள் 40 வயதிலேயே சுருண்டுவிட்டன. அழுத்தக் காலுறையை இப்போதே அணியத் தொடங்குங்கள்.

வரன் தட்டிப் போனதற்கு வருந்தாதீர்கள். இரவில் நீங்கள் பார்க்கும் வேலையைக் குறையாகக் கருதும் வீட்டில், பகலிலும் உங்களுக்கு மதிப்பு இருந்திருக்காது. அம்மாவிடம் கோபப்படாமல் இதைச் சொல்லுங்கள். வங்கித் தேர்வுக்குப் படி என்பது, மகள் தனியே பேருந்தில் வருவதை எண்ணி அஞ்சுகிறவரின் பேச்சு.

இந்தப் பணியில் கிடைக்கும் நிறைவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இடுப்பு எலும்பு முறிந்த ஒரு பாட்டி எங்கள் வார்டில் ஆறு வாரம் படுத்திருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, முதுகைத் துடைத்து உலர்த்தி, படுக்கை விரிப்பின் சுருக்கத்தை நீவி விடுவோம். ஒவ்வொரு டியூட்டியும் அடுத்த டியூட்டிக்கு அதைச் சொல்லி ஒப்படைத்தது. வீட்டுக்குப் போகும் நாளில் அவர் முதுகைப் பார்த்தேன், ஒரு சிவப்புத் தடம்கூட இல்லை. அவருடைய மகன் டாக்டருக்கு மாலை போட்டார். எங்களிடம் தலையசைத்துவிட்டுப் போனார். வராத புண்ணுக்கு யார் நன்றி சொல்வார்கள்? எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. அந்த முதுகைத் தடவிப் பார்த்த உள்ளங்கையின் நினைவு, ஓய்வு பெற்ற பின்னும் என்னிடம் இருக்கிறது. உங்கள் மூன்று ஆண்டுகளிலும் இப்படி வராமல் போன புண்கள், நிற்காமல் போன மூச்சுகள் நிச்சயம் இருக்கும். அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டு, நீங்கள் விட விரும்புவது இந்த மருத்துவமனையையா, இந்தப் பணியையா என்று முடிவு செய்யுங்கள். மருத்துவமனையைத்தான் என்றால் தயங்காமல் விட்டு விலகுங்கள்; அசல் சான்றிதழ்கள் அவர்களிடம் இருந்தால் முதலில் எழுத்துமூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணியையே விட வேண்டும் என்று தோன்றினாலும் அது குற்றமன்று. ஆனால் அந்த ஓர் இரவை மட்டும் வைத்து அதை முடிவு செய்யாதீர்கள்.

இனி, உங்களைத் தேடி வந்த அந்த மனைவி. இறந்தவரின் வீட்டார் இப்படித் தேடி வருவது பெரும்பாலும் சண்டைக்கு அன்று. ஆண்கள் வார்டில் இரவில் அவரைத் தங்க விட்டிருக்க மாட்டார்கள். கணவரின் கடைசி இரவு எப்படிப் போனது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். மருத்துவக் கேள்விகளை டாக்டரிடம் விட்டுவிடுங்கள். அவர் மீண்டும் வரும் நாளில் மருந்து அறைக்குள் போகாமல், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவரை உட்கார வைத்து நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். இரண்டு மணிக்கு உங்கள் கணவர் விழித்திருந்தார், தண்ணீர் கேட்டார், என்னால் உடனே வர முடியவில்லை, வந்தபோது உறங்கிக்கொண்டிருந்தார் என்று நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.