கோல்ஃப் ஜிடிஐ: 110 குதிரையிலிருந்து 265 வரை – வாசகர் கேள்வி பதில்

(திறன் அளவுகள் எல்லாம் ஐரோப்பிய மெட்ரிக் குதிரைத்திறனில் தரப்பட்டுள்ளன.)

கேள்வி: ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ இந்தியாவில் 53 லட்சம் ரூபாய்க்கு வந்தது. பார்வைக்குச் சாதாரண ஐந்து கதவு ஹேட்ச்பேக். அந்த மூன்று எழுத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு? – கோயம்புத்தூர் வாசகர்

முதலில் விலை. 2025 மே மாதம் அறிமுகமான இந்தக் கார் முழுக்க வெளிநாட்டில் தயாராகி இறக்குமதியானது. முதல் தவணை 150 கார்கள்தான். 53 லட்சம் என்பது சுங்க வரியும் சேர்ந்த எக்ஸ்-ஷோரூம் விலை. இதே கார் ஐரோப்பாவில் ஆசிரியரும் நர்ஸும் வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிற கார். மதிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

1974-ல் வந்த முதல் கோல்ஃப், பீட்டில் காரின் இடத்தைப் பிடிக்க வந்தது. பீட்டிலில் இன்ஜின் பின்னால், காற்றால் குளிரும். கோல்ஃபில் இன்ஜின் முன்னால், குறுக்குவாட்டில், தண்ணீரால் குளிரும். முன் சக்கரங்களே இழுக்கும். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜார்ஜெட்டோ ஜுஜாரோ வரைந்த நேர்கோட்டு உடல், மடக்கக்கூடிய பின் சீட், பெரிய பின்கதவு. இந்தக் குடும்பக் காரை வேகமாக்க வேண்டும் என்று ஃபோக்ஸ்வாகனின் தலைமையகமான வொல்ஃப்ஸ்புர்கில் சில பொறியாளர்கள் நிறுவனத்தின் முறையான உத்தரவு இல்லாமலேயே வேலையைத் தொடங்கினார்கள். 1975 செப்டம்பரில் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் காட்டினார்கள், 1976-ல் விற்பனை. 5,000 கார் விற்றால் போதும் என்பது கணக்கு. முதல் தலைமுறையிலேயே 4,61,690 ஜிடிஐ-கள் கட்டப்பட்டன.

செய்த மாற்றங்கள் எளிமையானவை. 1,588 சிசி இன்ஜினில் கார்புரேட்டருக்குப் பதில் பாஷ் கே-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷன். அதனால் 110 குதிரைத்திறன். சஸ்பென்ஷனைத் தாழ்த்தி, ஆன்டி-ரோல் பார் போட்டு, முன்பக்கம் காற்றோட்ட டிஸ்க் பிரேக் வைத்து, 175/70 டயருக்காக வீல் ஆர்ச் ஓரத்தில் கறுப்பு பிளாஸ்டிக் ஒட்டினார்கள். எடை 810 கிலோ. டாப் ஸ்பீடு 182 கிலோமீட்டர். கிரில்லைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. கட்டம் போட்ட சீட் துணி, கோல்ஃப் பந்து போன்ற கியர் குமிழ் ஆகிய இரண்டும் பீங்கானில் ஓவியம் தீட்டப் பயிற்சி பெற்ற குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற வடிவமைப்பாளரின் கைவண்ணம். இன்ஜின், பிரேக், சஸ்பென்ஷன், டயர், சீட் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு உயர்த்தினார்கள், ஆனால் டிக்கியையும் பின் சீட்டையும் தொடவில்லை. ஜிடிஐ என்றால் இதுதான். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், பிறகு வந்தவற்றில் எது நல்ல ஜிடிஐ, எது பெயருக்கு ஜிடிஐ என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: எட்டுத் தலைமுறையில் சறுக்கியது எது? குதிரைத்திறன் கூடிக்கொண்டேதானே வந்தது? – சென்னை வாசகர்

குதிரைத்திறன் கூடியது, ஆனால் இடையில் எடை அதைவிட வேகமாகக் கூடியது. சறுக்கியவை மூன்றாவதும் நான்காவதும்.

இரண்டாம் தலைமுறை (1983) பெரிதானாலும் கட்டுக்குள்தான் இருந்தது. 8 வால்வு இன்ஜின் 112, 16 வால்வு 139 குதிரைத்திறன். கேடலிட்டிக் கன்வெர்ட்டர் சேர்ந்ததும் இவை 107, 129 என்று இறங்கின. புகைக் கட்டுப்பாட்டுக்குக் கொடுத்த விலை அது.

1991-ல் மூன்றாவது வந்தது. பக்கவாட்டு மோதல் பாதுகாப்பு, கனமான உடல், பிறகு ஏர்பேக் என்று எடை ஆயிரம் கிலோவைத் தாண்டியது. ஆனால் அடிப்படை ஜிடிஐ-க்குக் கொடுத்தது 2 லிட்டர், 8 வால்வு, 115 குதிரைத்திறன். 0–100 எட்ட சுமார் 10 விநாடி. 1976 காருக்கு 9 விநாடியே போதுமாக இருந்தது! பதினைந்து ஆண்டுகள் கழித்து வந்த ஜிடிஐ, தாத்தாவைவிட மெதுவாக ஓடியது. அதே தலைமுறையில் 150 குதிரை 16 வால்வும், 2.8 லிட்டர் விஆர்6-ம் இருந்தன. விஆர்6-ல் ஆறு சிலிண்டர்களையும் 15 டிகிரி கோணத்தில் நெருக்கி, இரண்டு வரிசைக்கும் ஒரே சிலிண்டர் ஹெட் போட்டு, நான்கு சிலிண்டர் இடத்தில் அடக்கினார்கள், 174 குதிரைத்திறன். அருமையான சத்தம், அருமையான இழுவை. ஆனால் மூக்கு கனம், திருப்பத்தில் முன்பக்கம் வெளியே ஓடும்.

நான்காவதில் (1997) தப்பு வேறு மாதிரி. உள்ளலங்காரமும் உடல் இறுக்கமும் அந்தக் காலத்தில் அந்த விலையில் யாரிடமும் இல்லாத தரம். ஆனால் ஜிடிஐ என்பது வெறும் ஒரு அலங்காரப் பெயராகிவிட்டது. 125 குதிரை டர்போ இல்லாத 1.8-க்கும் அந்த எழுத்து, டீசலுக்கும் அந்த எழுத்து. சிவப்புக் கோட்டையும் எடுத்துவிட்டார்கள். பின்னால் டார்ஷன் பீம் ஆக்சில் (இரு பின் சக்கரங்களையும் ஒரே தண்டு இணைக்கும் எளிய அமைப்பு). 1998-ல் வந்த ஃபோர்டு ஃபோகஸோ, பின் சக்கரங்கள் தனித்தனியே அசையும் மல்டி-லிங்க் சஸ்பென்ஷனுடன் வந்து, குடும்பக் கார் திருப்பத்தில் எப்படிப் போக வேண்டும் என்று காட்டியது. 180 குதிரை 25-ஆம் ஆண்டுப் பதிப்பும், 241 குதிரை 3.2 லிட்டர் நான்கு சக்கர இழுவை ஆர்32-ம்தான் அந்தத் தலைமுறையின் மானத்தைக் காத்தவை. உற்பத்திக் காரில் இரட்டைக் கிளட்ச் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் முதலில் வந்ததும் அந்த ஆர்32-ல்தான்.

ஐந்தாவதில் (ஜிடிஐ 2004) தவற்றைத் திருத்தினார்கள். பின்னால் நான்கு லிங்க் சஸ்பென்ஷன், 2 லிட்டர் டர்போ, 200 குதிரை, சிவப்புக் கோடும் கட்டம் போட்ட சீட்டும் திரும்பின. பழைய அளவுகோலுக்கு முழுதாகப் பொருந்துகிற கார். அதற்குப் பின் வந்த ஜிடிஐ-கள் அந்த வழியில் வந்தவைதான்.

எடைக்கணக்கையும் போட்டுவிடலாம். முதல் ஜிடிஐ-யில் ஒரு குதிரைக்கு 7.4 கிலோ. மூன்றாவதின் 115 குதிரைக் காரில் ஏறக்குறைய 9 கிலோ. இன்றைய 265 குதிரைக் கார் சுமார் 1,450 கிலோ, குதிரைக்கு 5.5 கிலோ.

கேள்வி: ‘ஜி60’ என்பதில் ‘ஜி’ எது? – மதுரை வாசகர்

இரண்டாம் தலைமுறையில் வந்த சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி). அதனுள் காற்றை அழுத்தும் சுருள் ‘ஜி’ எழுத்து வடிவில் இருக்கும். 60 என்பது அதன் அகலம், மில்லிமீட்டரில். 1.8 லிட்டரில் 160 குதிரை தந்தது. சுருளின் ஓரத்தில் மெல்லிய சீல் பட்டைகள் உண்டு. அவை தேய்ந்த பிறகும் ஓட்டினால் சுருள் உறையில் உரசி, முழு யூனிட்டும் போய்விடும். வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது கடைசியாகச் சூப்பர்சார்ஜரைப் பிரித்துச் சீல் மாற்றிய பில்.

கேள்வி: 2006 மாடல் ஐந்தாம் தலைமுறை ஜிடிஐ, 1,40,000 கிலோமீட்டர் ஓடியது, பார்த்து வைத்திருக்கிறேன். எதைச் சோதிக்க வேண்டும்? – லண்டன் வாசகர்

இந்தக் காரில் இருப்பது ஈஏ113 குடும்பத்து டர்போ இன்ஜின். பிளாக் உறுதியானது. கொல்வது ஒரு சிறிய கிண்ணம்: ஹை பிரஷர் ஃப்யூல் பம்புக்கும் கேம்ஷாஃப்டுக்கும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இடையில் இருக்கும் கேம் ஃபாலோயர். விரல் தொப்பி அளவுதான். இன்டேக் கேம்ஷாஃப்டின் மும்முனை லோப் (புடைப்பு) இதன் தலையில் உரசி உரசிப் பம்பை இயக்குகிறது. இடையில் ரோலர் கிடையாது, வெறும் உரசல். கிண்ணம் தேய்ந்து ஓட்டை விழுந்தால் பம்பின் தண்டு நேராகக் கேம்மில் மோதும். கேம்ஷாஃப்டும் பம்பும் இரண்டும் போகும், உலோகத் தூள் ஆயிலில் கலக்கும்.

சோதிக்கும் முறை இது. இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். ஃப்யூல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள். ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க முனையில் பம்ப் இருக்கும். குழாய்களைக் கழற்றும்போது மிச்சப் பெட்ரோல் தெறிக்கும்; துணியும் கண் பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம். மூன்று ஸ்க்ரூவையும் ஒரே மூச்சில் கழற்றாமல் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள், உள்ளே ஸ்பிரிங் அழுத்தம் உண்டு. பம்ப் வந்ததும் கிண்ணத்தை எடுத்து, கேம்மில் உரசிய முகத்தைப் பாருங்கள். கறுப்புப் பூச்சு இருந்தால் நல்லது. நடுவில் வெள்ளி நிறம் தெரிந்தால் மாற்றுங்கள். குழி விழுந்திருந்தால் டார்ச் அடித்து, இன்ஜினைச் சுழற்றி, லோபின் மூன்று முனையும் பாருங்கள். கீறலோ விளிம்போ இருந்தால் புதுக் கிண்ணம் போட்டும் பயனில்லை, அதையும் தின்றுவிடும்; அந்தக் காரை விட்டுவிடுங்கள். வாங்கினால் 15,000 – 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதே சோதனை. நீண்ட இடைவெளி ஆயில் மாற்றும் திட்டத்தை நிறுத்திவிட்டு 10,000-க்கு ஒருமுறை மாற்றுங்கள். கிண்ணம் தேய்வதற்குப் பழைய ஆயில் பெரிய காரணம்.

அடுத்து டைமிங் பெல்ட். மாற்றிய பில் இல்லை என்றால் மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். டென்ஷனர், புல்லி, வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்தே மாற்ற வேண்டும். டர்போ இழுவை குறைந்தால் டர்போவைச் சந்தேகிக்கும் முன், அதன் மிகுதிக் காற்றைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வைப் பாருங்கள். பழைய வகையில் ரப்பர் திரை கிழியும். திருத்திய பிஸ்டன் வகை கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. காலையில் முதல் ஸ்டார்டில் இன்ஜின் குலுங்கினால் இன்டேக் வால்வில் கார்பன் படிந்திருக்கலாம். பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் வால்வைக் கழுவ எதுவும் இல்லை. பெட்ரோலில் ஊற்றும் கிளீனர் அந்த வால்வைத் தொடவே தொடாது. மேனிஃபோல்டைக் கழற்றி வால்நட் ஓட்டுத் தூள் அடித்துத்தான் எடுக்க வேண்டும்.

டிஎஸ்ஜி கார் என்றால், இது ஆயிலில் மூழ்கிய கிளட்ச் கொண்ட ஆறு கியர் வகை. 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். உங்கள் காருக்கு இரண்டு முறை ஆகியிருக்க வேண்டும், பில்லைக் கேளுங்கள்.

கேள்வி: 2016 ஜிடிஐ வைத்திருக்கிறேன். கூலன்ட் மெதுவாகக் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை. பனிக்காலத்துக்காக ‘ஆர்’ மாடலுக்கு மாறலாமா என்றும் யோசனை. – டொரான்டோ வாசகர்

ஏழாம் தலைமுறையின் ஈஏ888 இன்ஜினில் வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் ஒரே பிளாஸ்டிக் உறையில், இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கின்றன. சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டு உறை நெளியும், சீல் கசியும். கசிந்தது சூட்டில் காய்ந்துவிடுவதால் தரையில் சொட்டாது. கியர்பாக்ஸ் பக்கம் டார்ச் அடித்தால் இளஞ்சிவப்புக் கறை தெரியும்; கார் நின்றதும் இனிப்பான வாடை வரும். சிஸ்டத்தில் கைப் பம்பால் அழுத்தம் ஏற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். கசிவு உறுதியானால் சீல் மட்டும் மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள். முழு அசெம்ப்ளியையும், பம்பை ஓட்டுகிற சிறிய பல் பெல்ட்டையும் ஒன்றாக மாற்றுங்கள். அதுவரை டாப்-அப் செய்ய, ஃபோக்ஸ்வாகன் அங்கீகரித்த கூலன்ட் மட்டும். கையில் கிடைக்கும் பச்சைக் கூலன்ட் கலந்தால் கசடு கட்டும்.

‘ஆர்’ மாடலுக்கு நான்கு சக்கர இழுவை. பனியில் கிளம்பும்போது பெரிய உதவி. ஆனால் பிரேக் அடிப்பதற்கும் திருப்புவதற்கும் விண்டர் டயர்தான் பதில் சொல்லும். நல்ல விண்டர் டயர் போட்ட ஜிடிஐ, ஆல்-சீசன் டயர் போட்ட ‘ஆர்’-ஐவிடப் பனியில் நம்பகமானது. செங்குத்தான வீட்டு வழி இல்லையென்றால் இருக்கும் காரையே வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆர்’ வாங்கினால் பின் சக்கரங்களுக்கு இழுவையைச் சேர்க்கும் ஹால்டெக்ஸ் கிளட்சின் ஆயிலை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும்போது, பம்பைக் கழற்றி அதன் வலையையும் கழுவச் சொல்லுங்கள். வலை அடைத்தால் பம்ப் எரியும். எச்சரிக்கை விளக்கு எரியாமலே கார் முன் சக்கர இழுவையாகிவிடும், பனியில் மாட்டிய பிறகுதான் தெரியும்.

கேள்வி: போலோ ஜிடி டிஎஸ்ஐ வைத்திருக்கிறேன். டிஎஸ்ஜி தொல்லை கேள்விப்பட்டதுதான். கோல்ஃப் ஜிடிஐ-யிலும் அதே கியர்பாக்ஸா? – திருச்சி வாசகர்

பெயர் ஒன்று, பெட்டி வேறு. உங்கள் காரில் இருப்பது டிகியூ200: ஏழு கியர், உலர் கிளட்ச், அதிகபட்சம் 250 நியூட்டன் மீட்டர் தாங்கும். 2016-ல் இந்தியாவுக்கு வந்த மூன்று கதவு போலோ ஜிடிஐ இதற்கு நல்ல சாட்சி. ஐரோப்பாவில் அதே 1.8 லிட்டர் இன்ஜின் மேனுவல் கியருடன் 320 நியூட்டன் மீட்டர் தந்தது; டிஎஸ்ஜி-யுடன் 250-க்கு இறக்கப்பட்டது. இன்றைய கோல்ஃப் ஜிடிஐ-யின் இன்ஜின் தருவதே 370. அதனால் அதற்கு ஆயிலில் மூழ்கிய கிளட்ச் கொண்ட வேறு பெட்டி.

டிகியூ200-ல் இரண்டு பலவீனம். ஒன்று கிளட்ச்: நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் உலர் தகடு சூடேறி, ஒன்று–இரண்டு கியர் மாறும்போது நடுங்கும். இரண்டு மெகாட்ரானிக் (கியரை மாற்றிக் கிளட்சை இயக்கும் மின்னணு–ஹைட்ராலிக் பகுதி): அதன் அழுத்தச் சேமிப்பான் அமரும் இடத்தில் உறை விரிசல் விட்டு ஆயில் போய்விட்டால், ஓடும் கார் திடீரென இழுவையை இழக்கும். ஓட்டும் முறையில் கவனம் வைத்தால் கிளட்ச் ஆயுள் கூடும். முன்னே கார் நீளத்துக்கு இடம் கிடைத்த பிறகு நகருங்கள். சிக்னலில் பிரேக்கை அழுத்தமாக மிதியுங்கள். அப்போது கிளட்ச் முழுதாக விலகும். அரைகுறையாக மிதித்தால் உரசிக்கொண்டே இருக்கும். மேம்பால ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரால் காரை நிறுத்திப் பிடிக்கவே கூடாது.

கேள்வி: 18 அங்குல வீல், நம் வேகத்தடை, பள்ளம். தாங்குமா? – சேலம் வாசகர்

இந்தியாவுக்கு வந்த காரின் டயர் 225/45 ஆர்18. ரிம்முக்கும் சாலைக்கும் இடையே உள்ள ரப்பர் சுவர் சுமார் 101 மில்லிமீட்டர். 1976-ன் 175/70 ஆர்13 டயரில் அது 122. அந்த 21 மில்லிமீட்டர்தான் பள்ளத்தில் ரிம்மைக் காக்கிற மெத்தை. கதவு ஓர ஸ்டிக்கரில் உள்ள காற்றழுத்தத்தை மாதம் இருமுறை, டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். சொகுசுக்காகக் காற்றைக் குறைத்தால் ரிம் வளையும், டயர் ஓரத்தில் முட்டை போல வீக்கம் வரும். வீக்கம் கண்ட டயரைப் பஞ்சர் கடையில் சரிசெய்ய முடியாது, மாற்றியே ஆக வேண்டும். உயரமான வேகத்தடையில் குறுக்குக் கோணத்தில், ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குங்கள். பின் சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் சாமானும் இருந்தால் இன்னும் மெதுவாக.