மாமா வழக்கு பற்றிக் கேட்ட தம்பிக்கு

தம்பி, கலிஃபோர்னியாவுக்கு வந்த சூட்டோடு சிறையில் இருக்கும் தாய்மாமன் வழக்கைத் தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள். கூடவே வாடகை, கார் இன்சூரன்ஸ் எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். அதைச் சொல்ல ஊர்பட்ட ஆட்கள் உண்டு. ஜெயில் என்றால் மட்டும் நம்மவர்கள் கோயில் வாசலில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

முன் சிறைவாசத்துக்காகப் போட்ட ஓராண்டுக் கூடுதல் தண்டனையை நீதிபதி அப்போதே அமலாக்காமல் நிறுத்தியும் வைத்துவிட்டார், இப்போது மறுதண்டனைக்கு, அதாவது தண்டனையைக் கோர்ட் மறுபடி நிர்ணயிப்பதற்கு, தகுதி உண்டா என்பது உங்கள் கேள்வி. உண்டு. 2020 ஜனவரி 1 முதல், பாலியல் வன்முறைக் குற்றத்துக்கான சிறைவாசம் தவிர மற்றவற்றுக்கு இந்தக் கூடுதல் கிடையாது. 2022-ல் அதைப் பழைய தீர்ப்புகளுக்கும் நீட்டினார்கள், மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 1172.75-ஆம் பிரிவு. நிறுத்திவைத்ததால் ஒருநாள்கூடக் கூடவில்லையே, நீக்கி என்ன ஆகப்போகிறது என்று சில நீதிபதிகள் கைவிரித்தார்கள். 2025 ஜூனில் ரோடியஸ் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. நிறுத்திவைத்த கூடுதலும் விதித்த கூடுதல்தான் என்று சொல்லிவிட்டது. மாமாவின் அப்ஸ்ட்ராக்ட் ஆஃப் ஜட்ஜ்மென்ட், அதாவது தீர்ப்புச் சுருக்கத்தின் நகல் வாங்கி, அந்தக் கூடுதலுக்கு நேரே ‘எஸ்’ (S, நிறுத்திவைத்தது) என்று இருக்கிறதா பாருங்கள்.

தகுதி என்றதும் பெட்டி கட்ட வேண்டாம். நீதிபதி மொத்தத் தண்டனையையும், இடையில் மாறிய சட்டங்களோடு, புதிதாகப் பார்ப்பார். கூட்ட முடியாது. பொதுமக்களுக்கு ஆபத்து என்பதற்கு வலுவான சான்று இருந்தால் குறைக்காமல் விடலாம். இது சிறைத்துறை பெயர் அனுப்பித் தொடங்கும் வேலை, நாமாக மனுப் போட்டால் நிற்காது. வக்கீலையும் கோர்ட்டே அமர்த்தும், பழைய வழக்கு நடந்த கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) பப்ளிக் டிஃபெண்டர், அதாவது அரசு தரும் இலவச வக்கீல், அலுவலகத்துக்குப் போன் போடுங்கள்.

ஆகவே காசு கேட்பவனிடம் போகாதீர்கள். நான் ஃப்ரெஸ்னோவில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்த காலத்தில் என் அறைக்கூட்டாளி ஒரு வழக்கில் மாட்டிக்கொண்டான். கடைவீதியில் போர்டு மாட்டியிருந்த ஓர் ஆலோசகர் ஆயிரம் டாலர் வாங்கிக்கொண்டு நாலு ஃபாரம் நிரப்பித் தந்தார். அவர் வக்கீலே இல்லை. எங்கள் சங்கத்துப் பெரிய மனிதர்களோ அவனோடு சேராதே என்றார்கள். கார் இல்லை, இங்கிலீஷும் அரைகுறை. பஸ் மாறிப் போய் கோர்ட் கவுண்டர் கிளார்க்கிடம் வழக்கு எண் சொல்லி நகல் வாங்கப் பழகினேன். இன்றைக்கு அதே சங்கத்து ஆட்கள் பிள்ளைகளின் டிராஃபிக் டிக்கெட்டுக்கு என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போகிறேன், ஆனால் அதை நினைவுபடுத்தாமல் விடுவதில்லை.

அந்த அறைக்கூட்டாளி தண்டனை முடிந்து வெளியே வந்தபோது வாசலில் குடிவரவுத்துறை வண்டி நின்றது, அப்படியே கூட்டிப்போனார்கள். அதைத்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். இது குடியேறிகளைக் காக்கும் அடைக்கல மாநிலம், ஐஸ் (ICE, அந்தக் குடிவரவுத்துறைக்காரர்கள்) நெருங்காது என்று வாட்ஸாப்பில் வருவதை நம்பாதீர்கள். 2018-ல் அமலுக்கு வந்த அந்த அடைக்கலச் சட்டம் உள்ளூர் போலீஸைக் கட்டுப்படுத்துகிறது, மாநிலச் சிறைத்துறையை அல்ல. மறுதண்டனையில் வருஷம் குறைந்தாலும் குற்றத்தீர்ப்பு அப்படியே இருக்கும். அந்தக் குறைப்பைக் குடிவரவு நீதிமன்றம் மதிப்பதும் சந்தேகம். பழைய வழக்கிலேயே சட்டப் பிழை இருந்து, அதற்காகக் குறைத்தால்தான் கணக்கு என்று 2019-ல் மத்திய அரசின் அட்டர்னி ஜெனரல் முடிவு சொல்லியிருக்கிறார். சீக்கிரம் விடுதலை என்பது சிலருக்குச் சீக்கிரம் நாடுகடத்தல். அதனால் விசாரணைக்கு முன்பே குடிவரவு வக்கீல் ஒருவர் பப்ளிக் டிஃபெண்டரோடு பேசட்டும். அந்த இடத்தில் மட்டும் செலவழிக்கலாம்.

முதலில் மாமா குடியுரிமை வாங்கினாரா, கிரீன் கார்டோடு நிற்கிறாரா என்று அத்தையிடம் கேட்டு எழுதுங்கள்.