150 பேர் கல்யாணமா, 700 பேர் ரிசப்ஷனா?

கேள்வி: குரோம்பேட்டையில் இருக்கிறேன், வயது 28. வரும் ஆவணியில் எனக்குத் திருமணம், இன்னும் பத்து மாதம் இருக்கிறது. என் வருங்காலக் கணவருக்கும் எனக்கும் சேர்த்து 9 லட்சம் சேமிப்பு உண்டு. இனி மாதம் 40,000 மிச்சம் பிடிக்க முடியும். காலையில் மாலை மாற்றி, தாலி கட்டி, 150 பேருக்கு நல்ல சாப்பாடு போட வேண்டும், அவ்வளவுதான் எங்கள் ஆசை. முந்தின நாள் மாலை 700 பேருக்கு ரிசப்ஷன் வைத்தே ஆகவேண்டும் என்கிறார் அப்பா. அதற்கு 8 லட்சம் பர்சனல் லோன் எடுத்து, மொய்ப் பணத்தில் அடைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அவர் ரிட்டயர் ஆக மூன்று வருடம் இருக்கிறது. என்ன செய்வது? நகைக்கு 11 மாதச் சேமிப்புத் திட்டத்தில் சேரலாமா?

பதில்: லோன் வேண்டாம். 8 லட்சத்தை 14 சதவீத வட்டிக்கு 5 வருடத் தவணையில் எடுத்தால் மாதம் சுமார் 18,600 ரூபாய் கட்ட வேண்டும். வட்டி மட்டுமே 3 லட்சத்து 17 ஆயிரத்தை நெருங்கும். இன்றைக்கே எடுத்தாலும் அப்பா ரிட்டயர் ஆகும் அன்று 24 தவணை பாக்கி நிற்கும். பென்ஷனிலோ பி.எஃப். பணத்திலோ கை வைத்து ஒரு மாலை நேர விருந்துக்குக் கட்டிக்கொண்டிருப்பார். அது நடக்கக் கூடாது.

மொய்யை நம்பிக் கடன் வாங்குவது ஏன் தவறு என்றால், வருகிற மொய்யில் ஒரு பங்கு அப்பா இத்தனை வருடம் ஊராருக்கு எழுதியது திரும்பி வருவது. மீதி, நாளை அந்த வீட்டு விசேஷங்களில் நீங்கள் திருப்பி எழுத வேண்டியது. அந்தப் பணத்தை வங்கிக்குக் கொடுத்துவிட்டால், அடுத்த தை மாதம் பத்திரிகைகள் வரத் தொடங்கும்போது கையில் எதுவும் இருக்காது.

அதே சமயம் அப்பாவின் பக்கமும் நியாயம் இருக்கிறது. எத்தனையோ கல்யாணத்துக்குப் போய் எழுதிவிட்டு வந்தவர், தன் வீட்டில் கூப்பிடாமல் விட்டால் அவருக்குத்தான் தலைக்குனிவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மொய் நோட்டுகளை எடுத்துக்கொண்டு அவரோடு உட்காருங்கள். கூப்பிட்டே தீர வேண்டிய வீடுகளை அவரே டிக் செய்யட்டும். 700 என்பது நோட்டைப் பார்க்காமல் சொல்லும் எண். பெயர் பெயராகப் பார்த்தால் கட்டாயம் குறையும். திருமணத்தின் 150 இடங்களில் 50 உங்கள் பெற்றோருக்கு, 50 மாப்பிள்ளை வீட்டுக்கு, 50 உங்கள் இருவருக்கு. மீதிப் பேருக்கு ஒரு மாதம் கழித்து, மேடை, கச்சேரி எதுவும் இல்லாமல் அப்பா ஒரு மதிய விருந்து வைக்கலாம். அவர் கைச்சேமிப்பு எவ்வளவு தாங்குமோ, அவ்வளவு இலை.

செலவைத் தீர்மானிப்பது தலை எண்ணிக்கைதான். உதாரணத்துக்கு, ரிசப்ஷன் இலை 450 ரூபாய் என்றால் 700 பேருக்கு 3,15,000. மறுநாள் காலை டிபனும் மதியச் சாப்பாடும் அதற்கு மேல். 700 பேருக்கு ஹால் பெரிதாக வேண்டும், வாடகை ஏறும், அந்த வாடகைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. உங்கள் 150 பேருக்கு டிபன் 200, சாப்பாடு 500 என்று தாராளமாகப் போட்டாலும் 1,05,000தான்.

கேட்டரிங்கில் பணம் கசிகிற இடம் இலைக்கணக்கு. குறைந்தபட்சம் இத்தனை இலை என்று எழுதி வாங்குவார்கள். ஆள் குறைந்தாலும் அந்தப் பணம் போனது போனதுதான். அதனால் 150 பேரை அழைத்தால் 130 இலைக்குப் பேசுங்கள், கூடுவதை அதே விலைக்குத் தர வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள். சாப்பாட்டு ஹாலில் உங்கள் பக்கத்து ஆள் ஒருவர் நோட்டோடு நிற்கட்டும். ஒவ்வொரு பந்தி முடிந்ததும், இலை எடுப்பதற்கு முன்பே எண்ணி, கேட்டரிங் சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். கடைசியில் மொத்தமாகக் கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் எச்சில் இலையும் இருக்காது, சாட்சியும் இருக்காது. தண்ணீர் பாட்டில், ஐஸ்கிரீம், பீடா எல்லாம் இலை விலைக்குள் அடக்கமா என்பதையும் முன்பே கேளுங்கள்.

மண்டபத்திலும் இப்படித்தான். சாவி வாங்கும்போது கரண்ட் மீட்டரையும் ஜெனரேட்டர் ஓடிய மணி காட்டும் மீட்டரையும் போனில் படம் எடுங்கள், திருப்பிக் கொடுக்கும்போது இன்னொரு படம். கிளீனிங் கட்டணம், நேரம் தாண்டினால் எவ்வளவு, தேதி மாறினால் அட்வான்ஸ் திரும்புமா, மூன்றும் ரசீதிலேயே இருக்கட்டும். ஒரே நிகழ்ச்சிக்கு ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிக்கவில்லை. எனவே வங்கி வழியாகக் கொடுத்து பில் வாங்குங்கள். முகூர்த்த நாள் கட்டாயம் இல்லை என்று இரு வீடும் ஒத்துக்கொண்டால், முகூர்த்தம் இல்லாத சனிக்கிழமையில் ஹால் வாடகையைப் பேசிக் குறைக்கலாம். கோயம்பேட்டில் பூ விலையும் முகூர்த்த நாள் போல ஏறாது.

இனி நகை. 11 மாதத் திட்டம் உங்களுக்குப் பொருந்தாது, உங்கள் கையில் இருப்பதே பத்து மாதம். 365 நாளுக்கு மேல் வைத்திருக்கும் முன்பணம் சட்டப்படி டெபாசிட் ஆகிவிடும் என்பதால்தான் கடைகள் 11 மாதத்தில் நிறுத்துகின்றன. வங்கி டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்சம் காப்பீடும் அந்தப் பணத்துக்குக் கிடையாது. 5 சவரன், அதாவது 40 கிராம் நகைக்குச் சேதாரம் 14 சதவீதம் என்றால் 45.6 கிராமுக்குப் பணம் கொடுக்கிறீர்கள், அதன் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. விற்கப் போனால் எடை 40 கிராம்தான். கல் வைத்த நகையில் கல்லின் எடையைக் கழித்துத்தான் பில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், ஹால்மார்க் முத்திரையோடு நகையில் பொறித்திருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடான ஹெச்.யு.ஐ.டி.யையும் சரிபாருங்கள். தாலி, நீங்கள் தினமும் போடக்கூடிய ஒரு செயின், அது போதும். அம்மாவின் நகையை அப்படியே அணியுங்கள். உருக்கிப் புதிதாகச் செய்தால் சேதாரம் இரண்டாம் முறை போகும்.

உங்கள் 9 லட்சமும் பத்து மாதச் சேமிப்பு 4 லட்சமும் சேர்ந்து 13 லட்சம். இதில் 3 லட்சம் அவசரத்துக்கு, 2 லட்சம் வாடகை வீட்டு அட்வான்ஸுக்கு என்று இப்போதே தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். மீதி 8 லட்சத்துக்குள் நகை, புடவை, ஹால், சாப்பாடு எல்லாம் அடங்க வேண்டும், அதிலும் 80,000 கடைசி வாரத்துக்கு. இந்தப் பணத்தைப் பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் போடாதீர்கள், சந்தை இறங்கிய மாதத்தில் தேதியைத் தள்ளி வைக்க முடியாது. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு முதிர்கிற மாதிரி வங்கி டெபாசிட்டும் ஆர்.டி.யும் போடுங்கள். பெரும்பாலான பாக்கித் தொகைகள் கடைசிப் பத்து நாளில்தான் கேட்பார்கள்.

மொய் எவ்வளவு வந்தாலும் மணமக்கள் பெயரில் வந்தால் வருமான வரி கிடையாது. அப்பா பெயரில், உறவினர் அல்லாதவர்களிடமிருந்து, வருடத்தில் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி உண்டு. ஆகவே மொய் மேஜையில் வைக்கும் கியூ.ஆர். கோடு உங்கள் கணக்கினுடையதாக இருக்கட்டும், நோட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

மாலை மாற்றித் தாலி கட்டுவது சட்டப்படி போதுமா என்று வீட்டில் கேட்கக்கூடும். நீங்கள் இருவரும் இந்துக்கள் என்றால், உறவினர், நண்பர்கள் முன்னிலையில் இதைச் செய்தாலே செல்லும். தமிழகத்தின் 1967-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் சுயமரியாதைத் திருமணத்துக்கு இந்து திருமணச் சட்டத்தில் இடம் உண்டு. பதிவு மட்டும் கட்டாயம். 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் முடித்துவிடுங்கள், தாண்டினால் கூடுதல் கட்டணம். அந்தச் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே இருவரும் பி.எஃப்., இன்ஷூரன்ஸ், வங்கிக் கணக்கு நாமினிகளை மாற்றுங்கள்.