ரயில் தடத்து லேடீஸ் மேண்டில்: தோட்டத்துச் செடியா, மண்ணின் செடியா?

கேள்வி: இங்கிலாந்தின் வடக்கே டீஸ்டேலில் குடியிருக்கிறேன். கைவிடப்பட்ட ரயில் தடத்தின் ஓரத்தில் லேடீஸ் மேண்டில் கொத்துக்கொத்தாக நிற்கிறது. வட்ட இலை, மஞ்சள் கலந்த பச்சைப் பூ, தொட்டால் வெல்வெட் மாதிரி இருக்கிறது. தோட்டத்திலிருந்து தப்பி வந்த செடி என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எப்படி உறுதி செய்வது? பிடுங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்குப் பிடுங்க வேண்டாம். நீங்கள் இருப்பது டீஸ்டேல் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். லேடீஸ் மேண்டிலின் அறிவியல் பெயர் அல்கெமில்லா. அதில் அல்கெமில்லா மான்டிகோலா, அக்யூட்டிலோபா, சப்கிரெனாட்டா என்ற மூன்று அரிய இனங்களுக்கு பிரிட்டனில் புகலிடமே உங்கள் பள்ளத்தாக்கும் பக்கத்து வியர்டேலும்தான். அவற்றிலும் மயிர் உண்டு. அதனால் வெல்வெட் மாதிரி இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்தால் தவறிப்போகும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது அல்கெமில்லா மோலிஸ். காகசஸ், துருக்கிப் பக்கத்துச் செடி. பிரிட்டனில் தோட்டம் தாண்டி நடைபாதை விரிசல், சாலையோரம், ரயில் தடம் என்று எங்கும் பரவிவிட்டது. அதைக் கண்டுபிடிக்க 10 மடங்கு பெருக்கும் சின்ன லென்ஸ் போதும்.

நன்றாக விரிந்த ஒரு பூவை எடுத்து, அதன் முகம் உங்களைப் பார்க்கும்படி திருப்புங்கள். 3 முதல் 5 மில்லிமீட்டர்தான் இருக்கும். இதில் அல்லி இதழே கிடையாது. நாம் மஞ்சளாகப் பார்ப்பது 4 புல்லி இதழ்களை. ஒவ்வொரு இரண்டு புல்லி இதழுக்கும் இடையில், சற்றுப் பின்னால், இன்னொரு சிறு மடல் எட்டிப் பார்க்கும். அதுதான் புறப்புல்லி. மோலிஸில் அது புல்லி இதழின் நீளத்துக்கே ஏறக்குறைய வந்துவிடும், அதனால் 8 முனை நட்சத்திரம் போல் தெரியும். மண்ணின் இனங்களில் புறப்புல்லி தெளிவாகக் குட்டையாக இருக்கும்; 4 முனைதான் கண்ணில் படும். எனக்கு இருப்பதிலேயே நம்பகமான அடையாளம் இதுதான். ஒரே பூவோடு நிறுத்தாமல், வேறு வேறு கொத்துகளில் ஐந்தாறு பூக்களைப் பாருங்கள்.

அப்புறம் மயிர். இலைக்காம்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். மோலிஸில் மயிர் காம்பிலிருந்து விலகி நிற்கும், இலையின் இரு பக்கமும் அடர்ந்திருக்கும். பூவைத் தாங்கும் மெல்லிய காம்பு மட்டும் வழவழப்பாக இருக்கும். மண்ணின் இனங்களில், இலையின் மேல்பக்கம் மொட்டையாக, அடிப்பக்கம் மயிரோடு இருந்தால் சாந்தோகுளோரா. மயிர் குறைவாக, தண்டோடு படிந்திருந்தால் கிளாப்ரா. செடியே சிறியதாக, காம்பின் அடி ஒயின் சிவப்பாக இருந்தால் ஃபிலிகாலிஸ்.

அளவும் கை கொடுக்கும். மோலிஸ் இலை 15 சென்டிமீட்டர் வரை போகும், மடல்கள் ஆழமில்லாமல் 9 முதல் 11 வரை இருக்கும். ஆனால் வறண்ட சரளைக்கல்லில் முளைத்த செடி குட்டையாகிவிடும், அதனால் அளவை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். விடியலில் இலைமேல் முத்து முத்தாக உட்காரும் நீரும் பார்க்க அழகுதான், ஆனால் இந்தக் குடும்பத்தில் பலவற்றுக்கும் பொது.

ஏன் இவ்வளவு குழப்பம் என்றால், இந்தச் செடிகள் பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கை இல்லாமலேயே விதை வைக்கின்றன. மகள் செடி தாயின் நகல். அதனால் ஒரு சின்ன வேறுபாடுகூடத் தலைமுறை தலைமுறையாக அப்படியே நின்று தனி இனமாகிவிடுகிறது.

மோலிஸ்தான் என்று உறுதியானாலும், நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு எடுப்பது பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உங்கள் வீட்டிலும் இது இருந்தால், பூ வாடத் தொடங்கியதும் தண்டை அடியோடு வெட்டிவிடுங்கள். விதை வெளியே போகாது. ஒருவேளை 4 முனைதான் தெரிகிறது என்றால், பூவின் முகம், இலையின் இரு பக்கம், காம்பு எல்லாவற்றையும் அருகில் படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, உங்கள் மாவட்டத்தில் எங்கே என்ன செடி வளர்கிறது என்று பதிவு வைக்கும் தாவரப் பதிவாளருக்கு அனுப்புங்கள்.