ரேடார் கணக்கில் பனிச் சேர்க்கை கூடுதலாக வருவது ஏன்?

கிண்டி வெயில்ல உட்கார்ந்து கிரீன்லாந்து பனியை அளக்குறீங்க, சபாஷ்! ரேடார் அலை மேற்பரப்பிலிருந்து 10 வருஷப் பழைய பனி அடுக்குக்குப் போய்த் திரும்ப 60 நானோ செகண்ட் ஆகுது, கணக்குப் போட்டா ஆண்டுக்குச் சேரும் பனி, உருக்கினா 465 மி.மீ. நீர்னு வருது, பக்கத்துல தோண்டி எடுத்த பனித்தண்டு (உருளையா வெட்டின பனி மாதிரி) 270தான் காட்டுதுன்னு கேட்டிருக்கீங்க.

திடப் பனிக்கட்டியோட வேகத்தையும் (நானோ செகண்டுக்கு 0.169 மீ.), அடர்த்தியையும் (க.மீ.க்கு 917 கிலோ) போட்டதுதான் சிக்கல். மேல் சில மீட்டர் திடப் பனிக்கட்டியே கிடையாது, காற்று நிறைஞ்ச இறுகிய பனி.

ஒளிவிலகல் எண் = 1 + 0.845 × அடர்த்தி (கிராம்/க.செ.மீ.). சராசரி அடர்த்தி 0.4 என்றால் எண் 1.338; வெற்றிட ஒளிவேகத்தை இதால வகுத்தா அலையின் வேகம் நானோ செகண்டுக்கு 0.224 மீ. போய்வரும் நேரத்தில் பாதியால் பெருக்கினா ஆழம் 6.72 மீ. அதை 400ஆல் (அதே 0.4, க.மீ.க்கு கிலோவில்) பெருக்கி 10 வருஷத்தால் வகுங்க: 269 மி.மீ.

வேகத்தை மட்டும் திருத்திட்டு 917ஐ விட்டுடாதீங்க, 616க்கு எகிறிடும். இரண்டு பிழையும் எதிரெதிர்த் திசை. இதுவரை ஒன்றை ஒன்று பாதி மறைச்சிருக்கு.

அந்த 0.4, மேற்பரப்பிலிருந்து அந்த அடுக்கு வரைக்குமான சராசரி. ஆழம் மாறினா அதுவும் மாறும். பனித்தண்டோட அடர்த்தி அட்டவணையை வெச்சு இரண்டு மூணு சுற்று திருப்பிப் போடுங்க.

கோடையில் உருகுற பகுதியா? அப்போ மறுபடி உறைஞ்ச ஐஸ் தகடு ஆண்டு அடுக்கு மாதிரியே ஏமாத்தும். 10ஐ 11ன்னு எண்ணினாலே விடை 9% குறையும்.